உறையின் மேல் யார் பெயர்: தோட்டப்புறத்தில் திருமண விருந்தினர் பட்டியல் போடுவோருக்கு

என் தம்பியின் திருமணத்திற்கு அழைப்புப் பட்டியல் போடும் பொறுப்பு, வீட்டுக்கு மூத்த பெண் என்ற ஒரே தகுதியால் என் தலையில் விழுந்தது. நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். தோட்டத்தை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் நல்லது கெட்டது என்றால், தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயத்துக் கணக்கில்தான் அழைப்பு போகும். ஒருவரை மட்டும் அழைத்து அவருடைய வீட்டுக்காரியை விட்டுவிட்டால், அந்தச் செய்தி நாம் வீடு திரும்புவதற்குள் மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த ஆறு மாதத்தில் நான் செய்த தவறுகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை யாரை அழைப்பது என்பதில் நேரவில்லை. அழைக்கப்பட்டவருடைய துணையை என்ன செய்வது என்பதில்தான் நேர்ந்தன. முதன்முறையாகப் பட்டியல் போட உட்காரும் உங்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

1. நாளையும் நாற்காலியையும் முதலில் உறுதி செய்யுங்கள்

பெயர் எழுதத் தொடங்குவதற்கு முன், இரண்டு நிகழ்ச்சிகளைத் தனித்தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் கோயிலில் தாலி கட்டுவதும் அதை ஒட்டிய பசியாறலும் ஒன்று. இரவு மண்டபத்தில் நடக்கும் விருந்து மற்றொன்று. காலை நிகழ்ச்சிக்கு ஊரே வரலாம். இட்லியும் கேசரியும் கூடக் குறைய இருந்தாலும் சமாளித்துவிடலாம். இரவு விருந்தில் மேசைக்கு 10 பேர் என்று கணக்கு; அங்கே பதினோராவது ஆள் நின்றால் எல்லோர் கண்ணிலும் படும். எனவே தாராளத்தைக் காலையிலும் கறாரை இரவிலும் வைத்துக்கொள்வது என்று வீட்டாரிடம் முதலிலேயே பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இந்த ஒரு பிரிப்பைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால், எனக்கு வந்த மனத்தாங்கல்களில் பாதி வந்திருக்காது.

மண்டபத்தை ஆறு மாதத்திற்கு முன்பே பிடித்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைக்காததால், ஆவணியிலும் தையிலும் மண்டபங்கள் நெருக்கியடிக்கும். புரட்டாசியில் நம்மவர்கள் பலர் கவுச்சியைத் தொடமாட்டார்கள் என்பதால், அந்த மாதத்து விருந்து முழுச் சைவமாக இருந்தால்தான் மேசை காலியாகாது. நோன்பு மாதத்தில் மலாய் நண்பர்களை அழைத்தால் நோன்பு திறக்கும் நேரத்தை மனத்தில் வைக்க வேண்டும். இன்னொன்று, நான் கோட்டைவிட்டது: கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். சுங்கைப்பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் வரவேண்டிய எங்கள் சித்தி வீட்டாருக்கு ஞாயிறு வேலை நாள், பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். சித்தி வந்தார், சித்தப்பா வரவில்லை. சனிக்கிழமை இரவு விருந்து என்றால் இரண்டு பக்கத்தாருக்கும் ஒத்துப்போகும்.

எங்களுக்குக் கிடைத்த மண்டபத்தில் 40 மேசை போடலாம். ஒரு மேசைக்கு 320 ரிங்கிட் என்று கேட்டரிங்காரர் சொன்னார். ஆக 400 நாற்காலி, 12,800 ரிங்கிட். இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். அம்மா ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் பெயரை நினைவுபடுத்தும்போது நான் பதில் பேசாமல் அந்தத் தாளைப் பார்ப்பேன்.

2. பழைய மொய் நோட்டைத் தேடி எடுங்கள்

நினைவிலிருந்து பட்டியல் போடாதீர்கள். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த திருமணம், காதுகுத்து, புதுமனை விழா ஆகியவற்றின் மொய் நோட்டுகளைத் தேடி எடுங்கள். யார் வந்தார், என்ன செய்தார் என்பதற்கு அதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. என் திருமணத்து நோட்டு அம்மாவின் பீரோவில் சேலைகளுக்கு அடியில், மஞ்சள் கறை படிந்து இருந்தது. ‘கடைக்கார அண்ணன், 51 வெள்ளி’ (ரிங்கிட்டைத்தான் அப்படிச் சொல்வோம்) என்று ஒரு வரி. எந்தக் கடை, எந்த அண்ணன் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. இதே போன்ற நோட்டைத்தான் பெண் வீட்டாரும் தங்கள் பக்கத்தில் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஊர்ச் சம்பந்தம் என்றால் இருபது முப்பது வீடுகள் இரட்டிக்கும்.

பட்டியலை எக்செல்லிலோ நீளமான கணக்கு நோட்டிலோ போடுங்கள். கட்டங்கள் இவை இருந்தால் போதும்: அழைக்கப்படுபவர் பெயர், துணையின் பெயர், உடன் வரும் பிள்ளைகள், காலையா இரவா, யார் வழி உறவு, கைப்பேசி எண், பத்திரிகை வைத்த நாள், வைத்தவர் யார், அவர்கள் சொன்ன தலை எண்ணிக்கை, சைவமா. துணையின் பெயருக்கென்று ஒரு தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். நான் முதலில் போட்ட பட்டியலில் அந்தக் கட்டமே இல்லை. 214 பெயர் எழுதி, 400 நாற்காலி இருக்கிறதே என்று மகிழ்ந்து அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு துணைகளையும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியபோது 431 வந்தது. மடியில் உட்காரும் குழந்தைக்குக் கணக்கு வேண்டாம்; அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு நாற்காலி உண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

3. துணைகளைப் பற்றி ஒரு விதியை எழுதி வையுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல நினைப்பது. ஆளுக்கு ஒரு நீதி என்று போனால் சிக்கல் வரும். வேலையிடத்து நண்பர்களில் ஒருவரை மனைவியோடு அழைத்து மற்றொருவரைத் தனியாக அழைத்தால், இருவரும் மறுநாள் ஒரே மேசையில் பசியாறும்போது கதை வெளிவந்துவிடும். ஆகவே விதியை முதலில் எழுதிவிட்டு அதன்படி எல்லோரையும் நடத்துங்கள். நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த விதியை, அதற்கான காரணங்களோடு தருகிறேன்.

திருமணமானவர்கள்: இருவரையும் அழைத்தே ஆகவேண்டும். ஒருவரை மட்டுமே உங்களுக்குத் தெரியும் என்பதோ, மற்றவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதோ காரணமாகாது. இட நெருக்கடியா, அந்தத் தம்பதியை முழுமையாகக் காலை நிகழ்ச்சிக்கு மாற்றுங்கள், பாதியாக வெட்டாதீர்கள்.

நிச்சயமானவர்கள்: பரிசம் போட்டாகிவிட்டது என்றால் அவர்களும் தம்பதிக் கணக்குதான். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் மாமா மகளுக்கு நிச்சயமாகியிருந்தால், அவளுடைய பத்திரிகையிலேயே மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து எழுதுவது அழகல்ல. அவர் வீட்டுக்குத் தனியாக ஒரு பத்திரிகை போக வேண்டும். அதை நீங்கள் மட்டும் கொண்டுபோகாமல் மாமாவையும் அழைத்துக்கொண்டு போனால், புதுச் சம்பந்தி முன் அவருக்கும் மரியாதை. சில வீடுகளில் தாலி ஏறும்வரை இருவரும் சேர்ந்து வெளியே வருவதை விரும்பமாட்டார்கள். அதை மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு செய்துவிட்டுச் சடங்குக்குக் காத்திருப்பவர்கள்: நம் நாட்டில் இது இப்போது மிகச் சாதாரணம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி இஸ்லாமியர் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பலர் முதலில் தேசியப் பதிவு இலாகாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வசதி வரும்போது கோயிலில் தாலி கட்டுகிறார்கள். சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி; பாட்டிகளின் கணக்கில் இன்னும் இல்லை. இவர்களுக்கு ஒரே பத்திரிகையா, இரண்டு வீட்டுக்கும் தனித்தனியா என்பதை அவர்களையே கேட்டுவிடுங்கள். ஊகித்து எழுதினால் இரண்டு பக்கமும் அடி விழும்.

பழகிக்கொண்டிருப்பவர்கள்: இதில்தான் என் பெரிய தவறு நடந்தது. ஈப்போவில் என்னோடு வேலை செய்யும் ஒரு தோழி, நான்கு ஆண்டுகளாக ஒருவருடன் பழகுகிறாள். அவரும் எனக்கு நல்ல பழக்கம். தம்பி திருமணத்திற்கு இருவரும் சேர்ந்து வரட்டும் என்ற ஆசையில், உறையின் மேல் இருவர் பெயரையும் அழகாக எழுதி, மரியாதைக்காக அவளுடைய பெற்றோர் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவள் அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, உறையை விளக்கடியில் பிடித்து, முதலில் தம் மகளின் பெயரைப் படித்தார். பிறகு இரண்டாவது பெயரை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். அது நம் இனத்துப் பெயரில்லை. “இது யாரும்மா?” என்று என்னைத்தான் கேட்டார். அடுப்படியில் ஆற்றும் சத்தம் நின்றுவிட்டது. ஒரே காரில் வருகிற வேலையிடத்து நண்பர், அதனால் சேர்த்து எழுதிவிட்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் உறையை மேசைமேல் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கத் தொடங்கினார். அவள் திருமணத்துக்கு வரவில்லை. என்னோடு பேசவே இரண்டு மாதம் ஆயிற்று.

எனவே, வீட்டாருக்குத் தெரியுமா என்று உறுதியாகத் தெரியாதவரை, பழகுகிறவரின் பெயரை வீட்டுக்குப் போகும் உறையில் எழுதாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் தனியாக, “உனக்கு ஒரு நாற்காலி போடட்டுமா, இரண்டு போடட்டுமா?” என்று கேளுங்கள். இரண்டு என்றால், மற்றவருக்கு அவருடைய பெயரிலேயே ஒரு பத்திரிகையை நேரில் கொடுங்கள் அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டாருக்குத் தெரிந்து, அவர்களும் ஏற்றுக்கொண்ட உறவு என்றால் தம்பதியைப் போலவே நடத்தலாம். யார் என்றே தெரியாத ஒருவருக்கு ‘மற்றும் ஒருவர்’ என்று நாற்காலி ஒதுக்கும் வழக்கத்தைக் கோலாலம்பூர் நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். பெயரில்லாத நாற்காலி எங்கள் ஊருக்குச் சரிப்படாது. அதில் கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன்தான் உட்காருவான்.

பிரிந்தவர்கள்: மொய் நோட்டிலிருந்து பெயரை அப்படியே எடுத்தெழுதும்போது வரும் ஆபத்து இது. பத்தாண்டுக்கு முன் கணவன் மனைவியாக வந்து மொய் எழுதியவர்கள் இன்று ஒரே வீட்டில் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு தம்பதிப் பெயரையும் அத்தைமார் ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். ஊரில் நடந்த எல்லாப் பிரிவும் அத்தைக்குத் தெரிந்திருக்கும். உறவு எந்தப் பக்கமோ அவரை இரவுக்கு அழையுங்கள். இருவரோடும் உண்மையான பழக்கம் இருந்தால் தனித்தனிப் பத்திரிகை, எதிரெதிர் மூலையில் மேசை. மறுமணம் ஆகியிருந்தால் இப்போதைய துணையோடு அழைக்க வேண்டும். உங்கள் பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது பெரியம்மாவின் பிரச்சினை.

துணையை இழந்தவர்கள்: இவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டால் போதும் என்று ஒரு பெரியவர் எனக்கு ஆலோசனை சொன்னார். நான் கேட்கவில்லை. கணவரை இழந்த எங்கள் சின்ன அத்தை வீட்டுக்கு மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோன அதே தட்டையே கொண்டுபோனோம். குங்குமத்தை எடுப்பதும் எடுக்காததும் அவர் விருப்பம் என்று தட்டை அவர் முன் நீட்டினோம். அவர் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். தனியாக வர இப்படிப்பட்டவர்கள் தயங்குவார்கள். மகளையோ தங்கையையோ உடன் அழைத்துவரச் சொல்லி, துணைக் கட்டத்தில் அந்தப் பெயரை எழுதிவிடுங்கள். அந்த நாற்காலிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மதம் மாறித் திருமணம் செய்துகொண்டவர்கள்: இந்நாட்டில் இஸ்லாமியரை மணப்பவர் மதம் மாற வேண்டும் என்பதால், சில குடும்பங்களில் அந்தப் பிள்ளையின் பெயரே பேச்சிலிருந்து போய்விடுகிறது. அழைப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. அழைப்பதென்றால், துணையோடும் பிள்ளைகளோடும், அவர்கள் இப்போது பயன்படுத்தும் பெயரிலேயே அழையுங்கள். பழைய பெயரை எழுதி அனுப்புவதைவிட அழைக்காமலே இருந்துவிடலாம்.

4. பத்திரிகையின் வாசகத்தையும் உறையையும் பொருத்துங்கள்

அச்சகத்தில் வழக்கமாகப் போடும் வாசகம் ‘தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்று போகும். கேட்கக் காதுக்கு இனிமைதான். ஆனால் சுற்றமும் நட்பும் சூழ என்று நாமே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, நான்கு பேர் கூடுதலாக வந்துவிட்டார்கள் என்று குறைபட நமக்கு உரிமை இல்லை. காலை நிகழ்ச்சிக்கான பத்திரிகையில் அந்த வாசகம் அப்படியே இருக்கட்டும். இரவு விருந்துக்கு ஒரு சிறிய தனி அட்டை அச்சடித்து, அதில் ‘தங்கள் குடும்பத்திற்கென ___ இருக்கைகள்’ என்று இடம் விட்டு, எண்ணைக் கையால் எழுதுங்கள். இருவருக்கு 2, பிள்ளைகளோடு 4. பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஆனால் எண்ணைப் பார்த்தபின் எங்களை யாரும் தவறாகக் கேட்கவில்லை. எங்களுக்கு 250 பத்திரிகை, ஒன்று 2 ரிங்கிட் 20 சென் வீதம் 550 ரிங்கிட் ஆயிற்று. சிறிய அட்டைக்குத் தனியாக 90 ரிங்கிட். வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் 30 பிரதிகள் எடுத்து வையுங்கள். பெயர் தப்பாக எழுதிக் கிழிப்பது அத்தனை இருக்கும்.

உறையில் பெயர் எழுதுவதற்கு இரண்டு குறிப்புகள். உறவுக்காரர் வீடு என்றால் ‘திரு. இன்னார் குடும்பத்தினர்’ என்பது போதும். வேலையிடத்துப் பெண்களுக்கு அப்படி எழுதாதீர்கள். நம் நாட்டில் திருமணத்திற்குப் பிறகும் பெண்ணின் அடையாள அட்டையில் அவள் தந்தை பெயரோடுதான் பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அந்தப் பெயரில்தான் அறிவார்கள். கணவர் பெயரை மட்டும் எழுதிய உறையை அவள் மேசையில் வைத்தால், அது யாருக்கோ வந்தது என்று திரும்பிவிடும். உங்களுக்கு யாரோடு பழக்கமோ அவர் பெயர் முதலில், துணையின் பெயர் அடுத்து. துணையின் பெயர் தெரியவில்லை என்றால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

5. பத்திரிகை வைக்கும் வரிசை

குலதெய்வத்துக்கும் தோட்டத்துக் கோயிலுக்கும் முதல் பத்திரிகை, அதன் பிறகு தாய்மாமன். இந்த வரிசை உங்கள் வீட்டில் எப்படியோ அப்படியே செய்யுங்கள். திருமணத்திற்கு ஆறு வாரம் இருக்கும்போது தொடங்கினால் மூன்று வாரத்தில் முடிக்கலாம். ஒரு நாளைக்கு எட்டு வீட்டுக்கு மேல் போக முடியாது, ஏனென்றால் எட்டு வீட்டிலும் தேநீர் குடித்தாக வேண்டும். கிள்ளானுக்கும் பினாங்குக்கும் தலா ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு விடுப்பு எடுக்க நேரம் வேண்டும் என்பதால், அவர்களுக்குத் திருமண நாளை மட்டும் மூன்று மாதத்திற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பத்திரிகை வைக்கும்போது கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால், “எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்று மற்றவர் சொல்வதற்கு இடமிருக்கிறது. தட்டை இருவரும் சேர்ந்து வாங்கும்படி செய்து, இருவர் பெயரையும் சொல்லி அழையுங்கள். அண்மையில் துக்கம் நடந்த வீடாக இருந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தட்டோடு போகாமல், அதற்குப் பிறகு அமைதியாகப் போய்ச் சொல்லுங்கள். வர முடியாவிட்டாலும் நாங்கள் தவறாக எண்ணமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது அவர்களுக்கு ஆறுதல்.

எச்சரிக்கை: வாட்ஸ்அப் அழைப்பிதழைத் தோட்டத்துக் குழுவிலோ பள்ளி நண்பர் குழுவிலோ போடாதீர்கள். என் தம்பி ஒரு மகிழ்ச்சியில் தன் பழைய தமிழ்ப்பள்ளிக் குழுவில் போட்டுவிட்டான். அதில் 63 பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் துணைகள் இருந்தார்கள்.

6. எத்தனை பேர் என்று கேட்கும் முறை

கேட்டரிங்காரர் பத்து நாளுக்கு முன் இறுதி எண்ணிக்கை கேட்பார். உங்கள் ஒப்பந்தத் தாளில் அந்த நாள், முன்பணம், கூடுதல் மேசைக்கான விலை, கடைசி நேரத்தில் குறைத்தால் பணம் திரும்புமா என்ற நான்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை நம்பி எங்களுக்கு 500 ரிங்கிட் போயிற்று.

எண்ணிக்கை வாங்குவது எளிதல்ல. பெரியவர்களிடம் “நீங்கள் எத்தனை பேர் வருவீர்கள்?” என்று கேட்டால், சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிறாயா என்ற பொருளில்தான் அது போய்ச் சேரும். இணையப் படிவம் அனுப்பினால் திறக்கவே மாட்டார்கள். நான் கண்ட வழி வேன். கோயிலடியிலிருந்து மண்டபத்துக்கு வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம், உங்கள் வீட்டுக்கு எத்தனை இடம் பிடித்து வைக்கட்டும் என்று கேட்டேன். “எனக்கு, உன் அத்தைக்கு, மருமகளுக்கு, அவள் தங்கச்சி வந்திருக்கிறாள் அவளுக்கு” என்று விரல் மடக்கிச் சொன்னார்கள். வேன் வேண்டாம், காரில் வருகிறோம் என்றவர்களும் காரில் யார் யார் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். உண்மையிலேயே இரண்டு வேன் பிடித்தோம், 240 ரிங்கிட். அந்தச் செலவுக்கு அது தந்த கணக்கு மலிவு.

அட்டையில் 2 என்று எழுதியும் ஐந்து பேர் வருவதாகச் சொல்கிறவரிடம் மறுப்பதற்கு, இரவுக்கு இருவர், காலைப் பசியாறலுக்கு அனைவரும் என்று மாற்றிச் சொல்லுங்கள். மறுக்கும் பொறுப்பை மணமக்களிடம் விடாதீர்கள். எங்கள் பெரிய மாமா அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அவர் குரலுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

7. மேசைகளை ஒதுக்குவது

தம்பதியைப் பிரித்து உட்காரவைக்காதீர்கள்; ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது பந்திக் காலத்தோடு போய்விட்டது. துணையாக வந்து யாரையும் அறியாத ஒருவரை, அவரை அழைத்துவந்தவர் பந்தலுக்கும் மேடைக்கும் ஓடும் உறவுக்காரராக இருந்தால், தனியே விட்டுவிடாமல் பேச்சுத்துணை உள்ள மேசையில் வையுங்கள்.

மலாய், சீன நண்பர்களுக்குச் சில கவனங்கள் தேவை. இஸ்லாமிய விருந்தினர்களுக்கு ஹலால் சான்றிதழ் உள்ள கடையிலிருந்து தனியாக உணவும், தனித் தட்டுகளும் வரவழைத்து, அந்த மேசையில் அதை எழுதி வையுங்கள். மதுப் புட்டிகள் பக்கத்து மேசையில் இருக்கக் கூடாது. மாலைத் தொழுகை 7 மணி தாண்டி வருவதால் அவர்கள் எட்டு மணியளவில்தான் வருவார்கள். இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சீன நண்பர்களில் சிலர், பத்திரிகையில் 7 மணி என்று போட்டால் 7 மணிக்கே தம்பதியாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உணவு எட்டரைக்குத்தான் என்பதை முன்பே சொல்லிவையுங்கள், அல்லது வந்ததும் கடலையாவது வையுங்கள். அவர்களில் சைவம் மட்டுமே உண்பவர்களும், மாட்டிறைச்சி தொடாதவர்களும் உண்டு என்பதால், பட்டியலில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அவர்களையும் கேளுங்கள்.

40 மேசையில் 38 மேசைக்கு மட்டும் பெயர் போட்டு, இரண்டை வெறுமையாக வையுங்கள். எங்களிடம் வருவதாகச் சொன்னவர்கள் 380 பேர், வந்தவர்கள் 419. வெறுமை மேசை இரண்டும் நிரம்பிய பிறகு, தாழ்வாரத்தில் இன்னும் இரண்டு மேசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் 350 ரிங்கிட் கொடுத்தோம். அதில் பெரும்பகுதி அந்தப் பள்ளிக் குழு.

8. அன்றைக்கு வாசலில்

மொய் எழுதும் மேசையில் கணக்குத் தெரிந்த இருவரை உட்காரவையுங்கள். ஒருவர் பெயர் எழுத, மற்றவர் பட்டியலில் வந்தவரைக் குறிக்கட்டும். துணையின் பெயரையும் இப்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். ‘கடைக்கார அண்ணன்’ என்று எழுத விடாதீர்கள். முழுப்பெயர், ஊர், துணையின் பெயர், தொகை. சீன நண்பர்கள் சிவப்பு உறையில் கொடுப்பார்கள். நீங்கள் அவர்கள் வீட்டு விருந்துக்குப் போகும்போது வெள்ளை உறையில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது அவர்களுக்குத் துக்க வீட்டு உறை.

திருமணப் பதிவையும் அன்றே கோயிலில் செய்வதாக இருந்தால், பதிவதிகாரி முன் கையெழுத்திட இரண்டு சாட்சிகள் வேண்டும். யார் அந்த இருவர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அடையாள அட்டையோடு வரச் சொல்லுங்கள். எங்கள் சாட்சி ஒருவர் அட்டையை அத்தையின் கைப்பையில் வைத்திருந்தார். அத்தை பசியாறலுக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று கடைக்குப் போயிருந்தார். முகூர்த்தம் முடிந்து அரை மணி நேரம் எல்லோரும் அத்தைக்காகக் காத்திருந்தோம்.

விருந்து முடிந்த வாரத்திலேயே, வந்தவர், வராதவர், புதிதாகத் தெரிந்த துணைகளின் பெயர் எல்லாவற்றையும் பட்டியலில் திருத்தி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அம்மாவின் பீரோவுக்கு. மற்றொன்றை நான் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த தைக்கு அவளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.